சொந்தப் படகில் பெர்முடா: செயில்கிளியர் படிவமும் பெர்முடா ரேடியோவும் எப்படி?

விமானத்தில் பெர்முடா போகிறவருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழுந்தால் வேலை முடிந்தது. பாய்ப்படகில் போகிறவருக்கு அது போதாது. கிளம்பும் முன் செயில்கிளியர் இணையதளத்தில் ஒரு படிவம், தீவுக்கு 30 கடல் மைல் வெளியே இருக்கும்போது பெர்முடா ரேடியோ என்னும் கடலோர நிலையத்துக்கு ஒரு அழைப்பு, கடைசியாகச் செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்தில் அதிகாரிகளின் மேஜை. மூன்றுக்கும் மதிப்பெண் போடச் சொன்னால், ரேடியோவுக்கு முழு மதிப்பெண். இணையப் படிவத்துக்குப் பாதிக்குச் சற்று மேல். மேஜைக்கு என்ன போடலாம் என்பது நீங்கள் கையில் கொண்டுபோகும் காகிதத்தைப் பொறுத்தது.

இங்கே படகுகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் விதியின் கடுமையால் அல்ல. பதிவுச் சான்றிதழில் ஒரு பெயர், படிவத்தில் வேறு எழுத்துக்கூட்டு, அவசர அலைபரப்பியில் பழைய உரிமையாளரின் தொலைபேசி எண் என்று ஒரே படகு மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். அதுதான் தாமதத்துக்குக் காரணம்.

கேள்வி இவ்வளவு கேட்பதற்குத் தீவின் அமைப்பே காரணம். பக்கத்து நிலம் என்றால் அமெரிக்காவின் வட கரோலினாக் கரைதான். அதுவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். தெற்குப் பக்கம் பவளப்பாறை கரையை ஒட்டியே இருக்கிறது. வடக்கிலோ 10 கடல் மைல் வரை பரந்து கிடக்கிறது. தீவின் மிக உயரமான இடம் 80 மீட்டர்கூட இல்லை. வடமேற்கிலிருந்து வருகிறவர் கண்ணால் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தால், அதற்குள் பாறைக்கு நடுவே வந்திருப்பார். 300-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இங்கே உடைந்து கிடக்கின்றன. தீவில் குடியேற்றம் தொடங்கியதே 1609-இல் 'சீ வென்ச்சர்' கப்பல் பாறையில் ஏறியதால்தான். அந்த விபத்தைத்தான் தீவின் சின்னத்தில் வரைந்து கொடியிலும் வைத்திருக்கிறார்கள். மரியாதைக்கு நீங்கள் ஏற்றும் பெர்முடாக் கொடியில் ஒரு கப்பல் உடைந்துகொண்டிருக்கும், உற்றுப் பாருங்கள்.

செயில்கிளியர்

கரீபியச் சுங்கத் துறைகள் கூட்டாக நடத்தும் தளம் இது. கட்டணம் கிடையாது. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்கா போன்ற பல தீவுகள் இதே தளத்தைப் பயன்படுத்துகின்றன. கணக்கு ஒன்றைத் தொடங்கி, படகின் விவரத்தையும் படகில் இருப்பவர்களின் பாஸ்போர்ட் விவரத்தையும் ஒருமுறை ஏற்றி வைத்தால் போதும். அடுத்த தீவுக்குப் புதிதாக ஒரு வருகை அறிவிப்பு மட்டும் உண்டாக்கி, நாடு, துறைமுகம், கிளம்பிய இடம், வந்துசேரும் நாள், நேரம், யார் யார் வருகிறார்கள் என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். ஒரு அறிவிப்பு எண் வரும். கரையில் அதிகாரி அந்த எண்ணைத் தட்டித் தாளை அச்செடுப்பார், படகின் தலைவரான ஸ்கிப்பர் கையெழுத்துப் போடுவார். ஒரே விவரத்தைக் கார்பன் வைத்து நாலு பிரதி எழுதிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி.

குறை என்னவென்றால், வேலை முழுவதும் முடிந்துவிட்டதைப் போன்ற ஒரு தோற்றத்தை இந்தத் தளம் தருகிறது. எண் கிடைத்தது என்றால் தகவல் போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள். நுழைய அனுமதி கிடைத்தது என்று பொருள் இல்லை. ஸ்கிப்பர் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். கரீபியனில் பிரெஞ்சுத் தீவுகளான மார்டினிக், குவாதலூப்பில் வேறு ஏற்பாடு: கடையிலோ மரீனாவிலோ வைத்திருக்கும் கணினியில் நீங்களே தட்டி, அச்செடுத்து, சில யூரோ கொடுத்துவிட்டுப் போகலாம். அங்கே பழகிவிட்டு இங்கே வருகிறவர்கள்தான் "படிவம் போட்டாயிற்றே" என்று வாதாடுவார்கள்.

இரண்டாவது குறை, அறிவிப்பைக் கடல் நடுவிலிருந்து திருத்துவது. அதிகாரி கையில் எடுக்கும்வரை திருத்தலாம். ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து 600, 700 மைல் ஓட்டத்தில் வந்துசேரும் நேரம் ஒரு நாள் முன்னே பின்னே ஆவது சாதாரணம். செயற்கைக்கோள் இணையம் இல்லாத படகு அதை எங்கிருந்து திருத்தும்? அதற்காகப் பதற வேண்டாம். மாறிய நேரத்தை ரேடியோவில் சொல்லிவிடலாம். வந்துசேரும் ஆட்களின் எண்ணிக்கையிலும் பெயரிலும் மட்டும் எந்தத் தவறும் இருக்கக் கூடாது. கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால், கயிறு அவிழ்ப்பதற்கு முன்பே அறிவிப்பிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும் தமிழர்கள் ஏராளம். அதே ஆளுக்கு அமெரிக்க விசா ஒட்டும்போது முழுப் பெயரையும் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஃப்என்யு என்ற மூன்றெழுத்தைப் போட்டுவிடுவார்கள். விசாவைப் பார்த்து ஒருவரும் பாஸ்போர்ட்டைப் பார்த்து இன்னொருவரும் நிரப்பினால் படகில் இல்லாத ஒரு ஆள் உருவாகிவிடுவார். படகின் ஆள்பட்டியல், செயில்கிளியர், கிளம்பிய துறைமுகத்தில் வாங்கிய அனுமதித் தாள் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

விசாவும் இதோடு சேர்ந்த கதைதான். பெர்முடா தன் சார்பில் நுழைவு விசா கொடுப்பதில்லை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போக விசா தேவைப்படும் நாட்டுக்காரர் என்றால், இந்த மூன்றில் ஒன்றுக்குப் பலமுறை நுழையும் விசா கையில் இருக்க வேண்டும். பெர்முடாவிலிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் 45 நாள் அது செல்ல வேண்டும். படகில் வருகிறவர் காற்றுக்காகக் காத்திருந்து இரண்டு வாரம் கூடுதலாகத் தங்குவது வழக்கம் என்பதால், இந்தக் கணக்கைத் திட்டமிட்ட தேதியை வைத்துப் போடாமல் தாராளமாகவே போடுங்கள். அடுத்து அமெரிக்கா போவதாக இருந்தால் இன்னொரு சிக்கல். விசா இல்லாமல் நுழையும் சலுகை பெற்ற ஐரோப்பியர்களுக்கும் சொந்தப் படகில் போகும்போது அந்தச் சலுகை கிடையாது. விசா வாங்கித்தான் ஆக வேண்டும். பெர்முடாவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்தால் நேரமும் பணமும் வீண்.

பெர்முடா ரேடியோ

செயின்ட் ஜார்ஜஸ் ஊருக்கு மேலே ஜார்ஜ் கோட்டைக் குன்றில் இருக்கிறது இந்த நிலையம். கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையமும் இதுவே. இரவு பகலாக ஆள் இருக்கும், ரேடார் இருக்கும். முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப ஒரு கேள்விப் படிவம் வைத்திருக்கிறார்கள். இது செயில்கிளியரிலிருந்து வேறு: அது சுங்கத்துக்கு, இது பாதுகாப்புக்கு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஒன்றை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இதை நிரப்பியிருந்தால் ரேடியோவில் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். நிரப்பவில்லை என்றால், மழையில் நனைந்துகொண்டே எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும்: படகின் பெயர், அழைப்புக் குறி, கொடி, நீளம், படகுடலின் நிறம், பாய் அமைப்பு, எத்தனை பேர், எந்தத் துறைமுகத்திலிருந்து, என்ன வரைபடம், லைஃப் ராஃப்ட் (உயிர்காப்பு மிதவை) எத்தனை பேருக்கானது, என்னென்ன ரேடியோ, இபிர்ப் என்னும் அவசர அலைபரப்பியின் எண், கருவி ஏதாவது பழுதா.

அந்த இபிர்ப் எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அலைபரப்பியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் 15 இலக்கக் குறியீடு அது. அதில் 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் மட்டுமே வரும். ஆகவே உருண்டையாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான்; 'ஓ' என்ற எழுத்து அதில் வரவே வராது. எட்டா, 'பி'யா என்பதுதான் உண்மையான குழப்பம். உப்பில் மங்கிய ஒட்டியைக் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குறியீட்டுக்குள்ளேயே படகு பதிவான நாட்டின் எண் இருக்கிறது. பழைய படகு வாங்கிக் கொடியை மாற்றியவர்கள் அலைபரப்பியைப் புதிய நாட்டுக்கு மறுகுறியீடு செய்யாமல் விட்டிருந்தால், ஆபத்தில் அழுத்தும்போது தகவல் பழைய நாட்டுக்குப் போகும். அவர்கள் விற்றவரைக் கூப்பிடுவார்கள். அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பொருத்தமின்மை பெர்முடா ரேடியோவின் கேள்வியில் வெளியே வந்தால் அதை உபத்திரவமாக நினைக்காதீர்கள். காசில்லாமல் கிடைத்த பரிசோதனை அது.

அழைப்பது 16-ஆம் சேனலில். அவர்கள் 27-க்கு மாறச் சொல்வார்கள். 30 மைலில் கூப்பிட வேண்டும் என்பது பாய்மர உச்சியில் ஆன்டெனாவும் 25 வாட் செட்டும் உள்ள படகுக்கு எளிது. கையில் பிடிக்கும் 5 வாட் செட்டை வைத்துத் தளத்தில் நின்று கத்தினால் எட்டாது. "அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை" என்ற நிலை வந்தால், பெரும்பாலும் பாய்மரத்தின் அடியில் ஆன்டெனா வயர் இணையும் இடத்தில் உப்பு பூத்திருக்கும். அல்லது பேட்டரி அழுத்தம் இறங்கியிருக்கும். கேட்பதற்குச் சொற்ப மின்சாரம் போதும், பேசத்தான் நிறைய வேண்டும். எஞ்சினை ஓட்டிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

ரேடியோவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பதற்குக் காரணம் கேள்வி கேட்கும் முறையல்ல, அதற்குப் பிறகு நடப்பது. நீங்கள் போகும் திசை பாறைக்குப் போகிறது என்று ரேடாரில் தெரிந்தால் கூப்பிட்டுச் சொல்வார்கள். டவுன் கட் என்னும் குறுகிய வாய்க்காலில் எதிரே பெரிய கப்பல் வருகிறதா என்று பார்த்து நுழையச் சொல்வார்கள் அல்லது வெளியே நிறுத்துவார்கள். அனுமதி கேட்காமல் நுழையக் கூடாது.

வடமேற்கிலிருந்து வருகிறவர் செய்யும் பெரிய தவறு, வரைபடக் கருவியில் செயின்ட் ஜார்ஜஸைத் தட்டி நேர்கோடு போடுவது. அந்தக் கோடு பாறை மேலே போகும். நார்த் ராக், நார்த் ஈஸ்ட் பிரேக்கர், கிச்சன் ஷோல் விளக்குகளை வலப்பக்கம் தள்ளியே வைத்து, தீவின் வடகிழக்கைச் சுற்றிக் கிழக்கே வந்து, அங்கிருந்து மேற்கு நோக்கித் துறைமுக வாய்க்குத் திரும்ப வேண்டும். வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தால் பாறைகள் திரையிலிருந்தே மறைந்துவிடும். 2014-இல் உலகைச் சுற்றும் பந்தயமான வோல்வோ ஓஷன் ரேஸில் 'வெஸ்டாஸ் விண்ட்' படகு மொரீஷியசுக்கு வடகிழக்கே பாறையில் ஏறியதற்கும் இந்தச் சுருக்கிப் பார்க்கும் பழக்கம் முக்கியக் காரணம். அதில் இருந்தவர்கள் கைதேர்ந்த மாலுமிகள். பாதை முழுவதையும் பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்த பிறகே கோட்டை நம்புங்கள்.

ஐரோப்பாவிலோ இந்தியப் பெருங்கடலிலோ பழகியவர்களுக்கு இன்னொரு பொறி: மிதவை நிறம். பெர்முடாவில் அமெரிக்க முறை. துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு வலக்கைப் பக்கம், பச்சை இடக்கைப் பக்கம். நம் பக்கத்து வழக்கத்துக்கு நேர் தலைகீழ். ஐந்து நாள் தூக்கமில்லாத மூளை இருட்டில் பழைய பழக்கத்துக்கே திரும்பும். "சிவப்பு வலம்" என்று ஒரு தாளில் எழுதிச் சுக்கான் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இரவில் நுழைய விளக்குகள் போதுமானவைதான். ஆனால் முதல்முறை வருகிறவர் வெளியே ஆழத்தில் விடியும்வரை மெல்ல உலவிவிட்டு, வெளிச்சத்தில் நுழைவதே மேல். காத்திருக்கப் போவதாக ரேடியோவிடம் சொல்லிவிட்டால் போதும்.

சுங்க மேஜை

ஹாமில்டன் தலைநகரம் என்பதால் நேரே அங்கே போகலாம் என்று எண்ண வேண்டாம். உல்லாசப் படகுகளுக்கு நுழைவு செயின்ட் ஜார்ஜஸில்தான். சோதனை முடிந்த பிறகே மற்ற இடம். இன்னும் சோதனை முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு, ரேடியோ சொல்லும் இடத்தில், பொதுவாக ஆர்ட்னன்ஸ் தீவுத் துறையில், கட்ட வேண்டும். அனுமதி வரும்வரை குப்பைப் பையைக்கூடக் கரையில் வைக்கக் கூடாது.

மேஜைக்குக் கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட்டுகள், பதிவுச் சான்றிதழின் அசல், கடைசித் துறைமுகத்தின் அனுமதித் தாள், ஆள்பட்டியல், செயில்கிளியர் எண். அமெரிக்கக் கொடியுள்ள உல்லாசப் படகு அமெரிக்காவை விட்டுக் கிளம்ப அனுமதித் தாள் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் அங்கே சுங்கத்தில் படிவம் 1300 வாங்கி வைத்துக்கொண்டால் இங்கே "எங்கிருந்து வந்தீர்கள், என்ன ஆதாரம்" என்ற பேச்சே வராது. ஆளுக்கு இவ்வளவு என்று பயணி வரி உண்டு. பெர்முடா டாலர் அமெரிக்க டாலருக்குச் சரிசமம், அமெரிக்கத் தாள் தடையில்லாமல் செல்லும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் ஆயுத அறிவிப்பு. துப்பாக்கி இல்லையே என்று 'இல்லை' போட்டுவிடுவார்கள். மீன் குத்தும் ஸ்பியர்கன் இங்கே ஆயுதக் கணக்கில் வரும். அபாய வெளிச்சம் விடும் ஃபிளேர் பிஸ்டலையும் அறிவிக்க வேண்டும். பெட்டிக்குள் பாதுகாப்புச் சாமானாகத்தானே கிடக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அறிவித்தால் எழுதிக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். அறிவிக்காமல் அவர்களே எடுத்தால் அது வழக்கு. மருந்துப் பெட்டியில் வலி நிவாரணி ஊசி, தூக்க மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு பட்டியல் எழுதி வையுங்கள்.

நாய் பூனையோடு வருகிறவர்கள் இரண்டு முறை யோசிக்கட்டும். வெறிநாய்க்கடி நோய் இல்லாத தீவு இது. முன்கூட்டிய இறக்குமதி அனுமதி, மைக்ரோசிப், தடுப்பூசி, வருகைக்கு 10 நாளுக்குள் எடுத்த கால்நடை மருத்துவர் சான்றிதழ் எல்லாம் வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஐந்தாறு நாள் ஓட்டத்துக்கு 10 நாள் சரிப்படும். புயலுக்காகக் கிளம்புவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் சான்றிதழ் காலாவதி. தாள் சரியில்லாத பிராணி படகைவிட்டு இறங்க முடியாது.

ஆள் மாற்றம் தனிக் கவனம் கேட்கும். இங்கே வந்து படகில் ஏறப்போகிறவர் ஒருவழி விமானச் சீட்டோடு வருவார். திரும்பும் சீட்டு எங்கே என்று விமான நிறுவனமே கிளம்பும் இடத்தில் நிறுத்திவிடும். படகின் பெயர், பதிவு எண், அவர் பெயர், கிளம்பும் உத்தேசத் தேதி போட்டு ஸ்கிப்பர் கையெழுத்திட்ட கடிதமும் பதிவுச் சான்றிதழ் நகலும் அவர் கையில் இருக்க வேண்டும். படகில் வந்து விமானத்தில் திரும்புகிறவரைக் குடியேற்றத்துறையிடம் சொல்லிவிட்டே இறக்குங்கள். சொல்லாமல் இறக்கிவிட்டால் அவருக்குப் பொறுப்பு ஸ்கிப்பர்தான்.

கூட்டம் பற்றி ஒரு வார்த்தை. இரட்டைப்படை ஆண்டுகளின் ஜூன் மாதம் நியூபோர்ட்–பெர்முடா பந்தயம் நடக்கும். 635 கடல் மைல், 1906-இலிருந்து ஓடுகிறது. மே மாதத்திலோ கரீபியனிலிருந்து ஐரோப்பா திரும்பும் படகுக் கூட்டம் இங்கே இளைப்பாறும். அந்த நாட்களில் துறையில் இடம் கிடைக்க நங்கூரத்தில் காத்திருக்க வேண்டி வரும். சேவை மோசமாகி விடுவதில்லை, வரிசைதான் நீளம்.

கிளம்பும்போதும் செயின்ட் ஜார்ஜஸ் சுங்கத்தில் கணக்கு முடித்து அனுமதித் தாள் வாங்க வேண்டும். கரீபியத் தீவுகளில் அது இல்லாமல் பேச்சே இல்லை. வாய்க்காலைத் தாண்டும்போது ரேடியோவுக்கு இன்னொரு அழைப்பு: எங்கே போகிறீர்கள், எப்போது சேர்வீர்கள். அசோர்ஸ் தீவுகளின் ஓர்ட்டா துறைமுகத்துக்குச் சுமார் 1,800 கடல் மைல் என்றால் காற்றைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். ஆகவே குறுகிய மதிப்பீட்டைச் சொல்லாமல் நீண்டதையே சொல்லுங்கள். நடுவழியில் மனம் மாறி வேறு துறைமுகம் பிடித்தால் வீட்டுக்கும் பெர்முடா ரேடியோவுக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்; நீங்கள் எங்கோ துறையில் கட்டித் தூங்கிக்கொண்டிருக்க, யாரோ உங்களைக் கடலில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.